காலையில் பொம்பெய், மாலையில் நேப்பிள்ஸ் அருங்காட்சியகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலிக்குப் போகும் நண்பர்களும் உறவினர்களும் கேட்கிற கேள்விகளுக்கு இதுவரை தனித்தனியாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்துச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரத்தையும், அங்கே தோண்டி எடுத்தவற்றில் சிறந்தவற்றை வைத்திருக்கும் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தையும் ஒரே நாளில் பார்ப்பது பற்றியது இது.

இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

முடியும். முடிந்தால் ஒரே நாளில்தான் பார்க்க வேண்டும் என்றே சொல்வேன்.

முதல் முறை போனபோது நான் பொம்பெய்யை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கல் தெரு, கூரையில்லாத வீடு, மறுபடி கல் தெரு. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு எல்லா வீடும் ஒன்றுபோலத் தெரிந்தது. இரண்டாம் முறை அம்மாவுடன் போனேன். காலையில் ஐந்தாறு இடங்களை மட்டும் நிதானமாகப் பார்த்தோம். அந்த இடங்களில் கிடைத்த பொருள்களைச் சாயங்காலம் அருங்காட்சியகத்தில் தேடிப் பிடித்தோம். அப்போதுதான் ஊர் முழுசாகத் தெரிந்தது. வீடு அங்கே இருக்கிறது, வீட்டின் தரையும் சுவரோவியமும் பாத்திரமும் இங்கே இருக்கின்றன. இடையில் இரண்டு நாள் போய்விட்டால் எந்தத் தரை எந்த வீட்டுடையது என்பது மறந்துவிடும்.

பொம்பெய் சுமார் 66 ஹெக்டேர் பரப்புள்ள நகரம். அதில் மூன்றில் இரண்டு பங்கு தோண்டப்பட்டிருக்கிறது. அதை ஒரு நாளில் முழுசாகப் பார்த்தவர் யாரும் இல்லை. எனவே 'எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்' என்ற ஆசையை விட்டுவிட்டு, ஐந்தாறு இடங்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

எது முதலில்?

பொம்பெய். முக்கியக் காரணம் வெயில். அங்கே நிழல் மிகக் குறைவு. காலை 9 மணிக்குத் திறந்தவுடன் உள்ளே போய், ஒரு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். ரயிலில் நேப்பிள்ஸ் திரும்பி, சாப்பிட்டு, மூன்று மணிவாக்கில் அருங்காட்சியகத்தில் நுழைந்தால் நான்கு மணி நேரம் கையில் இருக்கும். அது இரவு 7.30 வரை திறந்திருக்கும். பொம்பெய் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கே மூடிவிடும், உள்ளே அனுமதிப்பதை அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே நிறுத்திவிடுவார்கள். வரிசையை மாற்றினால் அடிபடுவது பொம்பெய்தான்.

எந்தக் கிழமையில் போகக் கூடாது?

செவ்வாய்க்கிழமை. அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. பொம்பெய் திறந்திருப்பதால் இதைக் கவனிக்காமல் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களுக்கும் தொல்லியல் இடங்களுக்கும் கட்டணம் இல்லை, ஆனால் கூட்டம் நெரியும். பணம் மிச்சமாகிறதே என்று அந்த நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஜனவரி 1, மே 1, டிசம்பர் 25 ஆகிய நாள்களில் பொம்பெய் மூடியிருக்கும்.

மாதம் என்றால் மார்ச், ஏப்ரல், அக்டோபர். நம் ஊர் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு ஆகஸ்ட் பெரிய விஷயமா என்று கேட்பார்கள். வெயில் பழகியதுதான். ஆனால் ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாமல் கருங்கல் தெருவில் நான்கு மணி நேரம் நடப்பது நமக்குப் பழகியதில்லை.

டிக்கெட்டை முன்கூட்டியே வாங்க வேண்டுமா?

வாங்கிவிடுங்கள். 2024 நவம்பரிலிருந்து பொம்பெய்யில் ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். டிக்கெட்டில் பெயரும் இருக்கும், எனவே பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு, எந்த நாட்டவராக இருந்தாலும், இரண்டு இடத்திலும் இலவசம். வயதைக் காட்ட ஆவணம் வேண்டும். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் தொகையை இங்கே எழுதவில்லை, அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் போவது?

நேப்பிள்ஸ் கரிபால்டி நிலையத்தின் கீழ்த்தளத்திலிருந்து சர்க்கும்வெசூவியானா என்ற உள்ளூர் ரயில் கிளம்புகிறது. சொரெந்தோ போகும் ரயிலில் ஏறி 'பொம்பெய் ஸ்காவி – வில்லா தேய் மிஸ்தெரி' என்ற நிலையத்தில் இறங்க வேண்டும். 35 முதல் 40 நிமிடம் ஆகும். இறங்கினால் எதிரிலேயே போர்த்தா மரீனா வாயில்.

ஒன்றைக் கவனியுங்கள். பொம்பெய் என்ற பெயரோடு மூன்று நிலையங்கள் இருக்கின்றன. 'ஸ்காவி' என்றால் அகழாய்வு இடம். அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்து இறங்குங்கள். காலை ரயிலில் கூட்டம் இருக்கும், பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள்.

ரோமிலிருந்து ஒரே நாளில் போய் வரலாமா என்றும் கேட்கிறார்கள். விரைவு ரயிலில் நேப்பிள்ஸுக்குச் சுமார் 1 மணி 10 நிமிடம்தான். போகலாம், ஆனால் ஆறு மணிக்கே எழுந்து ஓட வேண்டும். ஓர் இரவு நேப்பிள்ஸில் தங்கினால் நாள் நிம்மதியாகப் போகும்.

பெட்டி, பை எல்லாம்?

30 × 30 × 15 செ.மீ. அளவுக்கு மேற்பட்ட பையை உள்ளே விட மாட்டார்கள். வாயிலில் இலவசமாக வைத்துவிட்டுப் போகலாம். ஆனால் பையை போர்த்தா மரீனாவில் வைத்துவிட்டு, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் அரங்கத்து வாயிலில் வெளியே வந்தால் திரும்ப அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். சின்னப் பையோடு போய்விடுவது உத்தமம். தண்ணீர் பாட்டில், தொப்பி, ரப்பர் அடி உள்ள ஷூ, இவ்வளவு போதும். செருப்பு போட்டுக்கொண்டு போகாதீர்கள். தெருக்கல் வழவழவென்று தேய்ந்து மேடுபள்ளமாக இருக்கும்.

பொம்பெய்யில் எந்தெந்த இடங்களைப் பார்க்கலாம்?

வரைபடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் VI 12, 2 என்பதுபோல ஓர் எண் இருக்கும். முதலில் வட்டாரம், அடுத்து வீதிகளுக்கு நடுவே உள்ள கட்டடத் தொகுதி, கடைசியில் வாசல் எண். 19-ஆம் நூற்றாண்டில் தொல்லியலாளர் ஜுசெப்பே ஃபியோரெல்லி வகுத்த முறை இது. நம் ஊர் வார்டு, தெரு, கதவு எண் மாதிரிதான். இது பிடிபட்டுவிட்டால் வழி தவறாது.

போர்த்தா மரீனா வழியாக நுழைந்து, நகர மன்றம் எனப்படும் பொதுச் சதுக்கத்தை (ஃபோரம்) தாண்டி வடக்கே போங்கள். அங்கே இருக்கிறது ஃபான் வீடு (VI 12, 2). ஏறத்தாழ 3,000 சதுர மீட்டர் பரப்பு, ஒரு முழுத் தொகுதியும் ஒரே வீடு. வாசலுக்கு முன் நடைபாதையிலேயே HAVE என்று சிறு கல் சில்லுகளால் (மொசைக்) எழுதியிருக்கும். இலத்தீனில் 'வணக்கம், வாருங்கள்' என்று பொருள். நம் வாசலில் கோலம் போட்டு நல்வரவு எழுதுவதைப் போல. வீட்டுக்குப் பெயர் கொடுத்த ஃபான் என்ற வனதேவனின், முற்றத்தில் ஆடும் சிறிய வெண்கல உருவம் பிரதி. உள்ளே இரண்டு தோட்டங்களுக்கு நடுவே உள்ள அறையின் தரையில் பெரிய போர்க்களக் காட்சி, அதுவும் பிரதி. அசல்கள் நேப்பிள்ஸில். அந்த அறையில் நின்று அளவை மட்டும் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீளம் கிட்டத்தட்ட 6 மீட்டர், அகலம் 3 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். சாயங்காலம் இது தேவைப்படும்.

பக்கத்தில் வெத்தி வீடு (VI 15, 1). சுமார் இருபது வருடம் மூடிக் கிடந்து 2023 ஜனவரியில் மறுபடி திறக்கப்பட்டது. ஓவியங்கள் சுவரிலேயே இருக்கும் வீடுகளில் இது சிறந்தது. வாசலருகே ஆண்மைக் கடவுள் பிரியாப்பஸின் வெளிப்படையான ஓவியம் ஒன்று உண்டு, பிள்ளைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. குழந்தைகளுக்குப் பிடிப்பது துன்பக் கவிஞன் வீட்டு வாசல் (VI 8). சங்கிலியில் கட்டிய கறுப்பு நாய், கீழே 'நாய் ஜாக்கிரதை' என்ற எழுத்து.

அடுத்து ரொட்டிக் கூடம் (VII 2, 22). அம்மா அதிக நேரம் நின்றது இங்கேதான். எரிமலைக் கல்லில் செய்த, ஆள் மார்பு உயர மாவு எந்திரங்கள் வரிசையாக நிற்கும். கீழ்க்கல் கூம்பு. மேல்கல் இடுப்பு ஒடுங்கிய உடுக்கை மாதிரி அதன்மேல் கவிழ்ந்திருக்கும். உடுக்கையின் மேல்வாயில் கோதுமையைப் போட்டு, பக்கத்துத் துளைகளில் மரத்தைச் செருகிக் கழுதையைக் கட்டிச் சுற்றவிட்டிருக்கிறார்கள். "நம்ம திருகையேதான், பெருசு" என்று அம்மா கல்லின் மேற்பரப்பைக் காட்டினார். அது சுரசுரவென்று துளைத்துளையாக இருந்தது. கொத்திவைக்காமலே தானியத்தைப் பிடிக்கும் கல். எரிமலையே கொடுத்த கல்லில் மாவு அரைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து அபொந்தான்சா தெருவில் கிழக்கே நடங்கள். கடைத்தெரு இது. சாலையைக் கடக்க மூன்று பெரிய கற்களைக் குறுக்கே பதித்திருப்பார்கள், வண்டிச் சக்கரம் போக இடைவெளி விட்டு. சக்கரத் தடம் கல்லில் ஆழமாகப் பதிந்திருக்கும். தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிகளைக் கிட்டே போய்ப் பாருங்கள். குழாய்க்கு இருபுறமும் தொட்டி விளிம்பு உள்வாங்கித் தேய்ந்திருக்கும். தண்ணீர் பிடிக்கவும் குடிக்கவும் குனிந்தவர்கள் கை ஊன்றிய இடம் அது. என் உள்ளங்கை அதில் பொருந்தி உட்கார்ந்தது. பொம்பெய்யில் எனக்கு மறக்காத இடம் அந்தத் தொட்டிதான்.

இதே தெருவில் வெத்தூசியுஸ் பிளாசிதுஸின் சாப்பாட்டுக் கடை (I 8, 8). தெருவைப் பார்த்த மேடை, அதில் புதைத்த சாடிகள். ஒரு சாடிக்குள் 1,385 காசுகள் கிடைத்தன. கல்லாவில் இருந்த பணமாக இருக்கலாம். எண்ணைப் பார்த்தபடியே இரண்டு மூன்று வாசல் தள்ளி I 8, 5-க்கு வாருங்கள். பூட்டியிருக்கலாம், பரவாயில்லை. இந்த வாசலைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கடைசியாகத் தெற்கே 'தப்பி ஓடியவர்கள் தோட்டம்', பக்கத்தில் பெரிய வட்ட அரங்கம். அரங்கம் கி.மு. 70 வாக்கில் கட்டியது. இன்று மிஞ்சியிருக்கும் ரோமானியக் கல் அரங்கங்களில் இதுதான் மிகப் பழையது. சுமார் 20,000 பேர் உட்காரலாம்.

சில வீடுகள் அன்றன்றைக்கு மூடியிருக்கும். அதற்காக வருந்தி நிற்காமல் அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

அந்த மனித உருவங்கள் உண்மையான உடல்களா?

இதைத் தயங்கித் தயங்கித்தான் கேட்கிறார்கள். வெளியே தெரிவது ஜிப்சம், உள்ளே உண்மையான எலும்பு.

முதல் நாள் மணிக்கணக்கில் நுரைக்கல் மழை. கூரைகள் பாரத்தில் இடிந்தன. மறுநாள் காலை கொதிக்கும் சாம்பலும் வாயுவும் மலைச்சரிவில் பாய்ந்து வந்து, மிஞ்சியிருந்தவர்களை மூடின. சாம்பல் இறுகியது. உடல் மட்கிப் போக, அந்த வடிவத்தில் வெற்றிடம் தங்கியது. 1863-இல் ஃபியோரெல்லி அந்த வெற்றிடத்துக்குள் ஜிப்சக் கரைசலை ஊற்றி, இறுகிய பிறகு சுற்றிலும் சாம்பலை நீக்கினார். துணி மடிப்பு, முகபாவம் வரை வந்துவிட்டது. தோட்டத்தில் இருப்பவர்கள் 13 பேர், குழந்தைகளும் உண்டு.

ஒன்று சொல்ல வேண்டும். வேறொரு வீட்டில் கிடைத்த உருவங்களில் பொற்காப்பு அணிந்த ஒருவர், மடியில் குழந்தை. தாயும் சேயும் என்றே பல காலம் எழுதிவந்தார்கள். 2024 நவம்பரில் வெளியான மரபணு ஆய்வில் அந்தப் பெரியவர் ஆண் என்றும், குழந்தைக்கு அவர் இரத்த உறவே இல்லை என்றும் தெரிந்தது. வழிகாட்டிகள் சொல்லும் உருக்கமான கதைகளைக் கேட்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உறவு தெரியாது, கடைசி நேரத்தில் ஒருவர் ஒரு குழந்தையோடு இருந்தார், அவ்வளவுதான் தெரியும். இந்த உருவங்களின் முன் செல்ஃபி எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இழவு வீட்டு முற்றத்தில் நிற்பதாக நினைத்து நின்றுவிட்டு வாருங்கள்.

எந்த மாதத்தில் அழிந்தது? ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்களே?

ஆகஸ்ட் 24 என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டது. வெடிப்பை நேரில் பார்த்த இளைய பிளினியின் கடிதங்களின் கைப்பிரதிகளிலிருந்து வந்த தேதி அது. 2018-இல் ஒரு வீட்டுச் சுவரில் கரியால் எழுதிய குறிப்பு ஒன்று கிடைத்தது. அதில் இருந்தது அக்டோபர் 17-க்கு இணையான தேதி. கரி எழுத்து நீண்ட நாள் நிற்காது என்பதால் வெடிப்பு அக்டோபர் 24 வாக்கில் நடந்திருக்கும் என்று பல ஆய்வாளர்கள் இப்போது கருதுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

ஓவியங்களை ஏன் சுவரிலிருந்து வெட்டி எடுத்தார்கள்?

1748-இல் தோண்டத் தொடங்கியபோது அது ஆராய்ச்சியாக நடக்கவில்லை. நேப்பிள்ஸை ஆண்ட போர்போன் அரசர் சார்லஸின் சேகரிப்புக்காகப் புதையல் எடுக்கும் வேலையாகவே நடந்தது. அந்த ஊர் பொம்பெய்தான் என்பதே 1763-இல் ஒரு கல்வெட்டு கிடைத்த பிறகுதான் உறுதியானது. அழகான பகுதியை மட்டும் சதுரமாக அறுத்துச் சட்டம் போட்டு அரண்மனைக்குக் கொண்டுபோனார்கள். அதனால்தான் பல வீடுகளில் சுவரின் நடுவே சதுரப் பள்ளம் தெரியும். என்ன ஓவியம் எந்தச் சுவரில் எதற்கு எதிரே இருந்தது என்ற தொடர்பு அப்படியே அறுந்துபோனது. அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. சுவரிலேயே விட்ட ஓவியங்கள் பல, வெயிலிலும் மழையிலும் வெளிறி மறைந்துவிட்டன. 1943-இல் நேச நாட்டு விமானங்கள் பொம்பெய் மீதே குண்டு போட்டன. வெட்டி எடுத்தவை பிழைத்தன. இரண்டும் உண்மைதான்.

மதியம் என்ன சாப்பிடுவது? சைவம் கிடைக்குமா?

நேப்பிள்ஸில் சைவர்களுக்குக் கவலையே இல்லை. மரினாரா என்றால் தக்காளி, பூண்டு, ஒரிகானோ, ஆலிவ் எண்ணெய், பாலாடைக்கட்டிகூட இல்லை. மார்கரிட்டாவில் பாலாடைக்கட்டியும் துளசி வகை இலையும். மற்ற பிட்சாக்களில் 'அலீச்சி' என்ற சொல் இருந்தால் நெத்திலி வகை மீன். அடுக்கடுக்கான ஸ்ஃபொலியதெல்லா என்ற இனிப்பைச் சைவம் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள், அதன் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். கேட்டு வாங்குங்கள்.

பொம்பெய்க்கு உள்ளேயும் நகர மன்றத்தின் அருகே உணவகம் இருக்கிறது. ஆனால் பசியை ஊருக்கு வரும்வரை அடக்கிக்கொள்வது நல்லது. குடிதண்ணீர்க் குழாய்கள் வழியெங்கும் உண்டு.

அருங்காட்சியகத்தில் எங்கிருந்து தொடங்குவது?

கரிபால்டியிலிருந்து மெட்ரோ முதல் தடத்தில் ஏறி 'மூசெயோ' நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே சிவப்புக் கட்டடம். குதிரைப்படைக் கொட்டடியாகக் கட்டி, பிறகு பல்கலைக்கழகமாக இருந்து, அப்புறம் அருங்காட்சியகமானது.

தரைத்தளத்தில் ஃபர்னேசே குடும்பத்துப் பளிங்குச் சிலைகள். இவை பொம்பெய்யைச் சேர்ந்தவை அல்ல, ரோமில் கிடைத்தவை. களைத்துப்போய்க் கதை ஆயுதத்தில் சாய்ந்து நிற்கும் ஹெர்குலிஸையும், ஒரு பெண்ணைக் காளையில் கட்டும் 'ஃபர்னேசே காளை' சிலைத் தொகுதியையும் மட்டும் பார்த்துவிட்டு மேலே ஏறிவிடுங்கள். ஹெர்குலிஸின் பின்பக்கம் போய்ப் பார்க்க மறக்காதீர்கள், முதுகுக்குப் பின்னால் மடக்கிய கையில் ஆப்பிள்களை வைத்திருக்கிறான்.

இடைத்தளத்தில் சில்லு ஓவியங்கள். காலையில் அளவு பார்த்த அந்தத் தரை இங்கே சுவரில் நிற்கிறது. 1831-இல் கண்டெடுத்தது. இடப்பக்கம் தலைக்கவசம் இல்லாமல் குதிரையில் பாயும் அலெக்சாந்தர், வலப்பக்கம் தேரில் கை நீட்டித் திகைக்கும் பாரசீக மன்னன் தாரியஸ், நடுவே ஒரு பட்ட மரம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிறு கல் சில்லுகள். எல்லாரும் அந்த இரண்டு அரசர்களைப் பார்ப்பார்கள். நீங்கள் கீழே பாருங்கள். விழுந்து கிடக்கும் பாரசீக வீரன் ஒருவன், தேர்ச் சக்கரம் தன்மேல் ஏறப்போகிற நேரத்தில், பளபளப்பான கேடயத்தில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த முகத்தையும் கல்லிலேயே செய்திருக்கிறார்கள். இதன்மேல்தான் ஒரு வீட்டில் நடந்தார்கள் என்பது, காலையில் அந்த அறையில் நின்றவர்களுக்குத்தான் உறைக்கும்.

சில ஆண்டுகளாக அதற்குச் சீரமைப்புப் பணி நடக்கிறது. நீங்கள் போகும் நாளில் எவ்வளவு தெரியும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் அதே வீட்டின் பூனைச் சித்திரமும் மீன் சித்திரமும் இருக்கும்.

மேல்தளத்தில் வெட்டி எடுத்த சுவரோவியங்கள். காலையில் அரங்கத்தைப் பார்த்தீர்கள் இல்லையா? கி.பி. 59-இல் அங்கே பொம்பெய்க்காரர்களுக்கும் பக்கத்து ஊரான நுசேரியாக்காரர்களுக்கும் பெரிய அடிதடி. விளையாட்டுகளுக்குப் பத்து ஆண்டு தடை போட்டார்கள். அந்தச் சண்டையையே ஒருவர் தம் வீட்டுச் சுவரில் வரைந்துவைத்திருந்தார். அரங்கத்துப் படிக்கட்டு, மேலே விரித்த நிழல்துணி, வெளியே மரத்தடியில் அடித்துக்கொள்ளும் ஆட்கள். நீங்கள் ஏறி நின்ற அதே படிக்கட்டு அதில் இருக்கும்.

எகிப்தியத் தெய்வமான ஈசிஸின் கோயில் ஓவியங்களும், நகரத்தின் 1:100 அளவு மாதிரியும் இங்கேதான். மாதிரியைச் செய்தது 19-ஆம் நூற்றாண்டில். இப்போது சுவரில் அழிந்துபோன ஓவியங்கள்கூட அதில் பொடிசாக வரையப்பட்டிருக்கின்றன.

நம் நாட்டுக்கும் பொம்பெய்க்கும் தொடர்பு உண்டா?

உண்டு. I 8, 5 என்று ஒரு வாசலைச் சொன்னேன். 1938-இல் தொல்லியலாளர் அமேதேயோ மயூரி அங்கே தோண்டியபோது தந்தத்தில் செதுக்கிய ஒரு பெண் உருவம் கிடைத்தது. உயரம் சுமார் 25 செ.மீ., ஒரு மரப்பாச்சி அளவு. கழுத்திலும் கையிலும் இடுப்பிலும் நிறைய நகை, இருபக்கமும் இரண்டு சின்னப் பணிப்பெண்கள். 'பொம்பெய் லட்சுமி' என்று பெயர் பரவிவிட்டது, ஆனால் யட்சியாக இருக்கலாம் என்பதே இன்று பலர் கருத்து. அடியில், பழைய வடமேற்கு இந்திய எழுத்துமுறையான கரோஷ்டியில் ஓர் எழுத்து இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் போகர்தன், தேர் ஆகிய ஊர்களில் இதே சாயலில் உருவங்கள் கிடைத்திருப்பதால் அந்தப் பக்கத்து வேலை என்று நினைக்கிறார்கள். 'தமிழ்நாட்டிலிருந்து போனது' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம்.

தமிழகத் தொடர்பு வேறு இடத்தில் இருக்கிறது, அது இதைவிடக் கெட்டியானது. வெசூவியஸ் வட்டாரத்துக் களிமண்ணில் எரிமலைக் கருமணல் கலந்திருக்கும். அந்த மண்ணில் செய்த மதுச்சாடிகளின் ஓடுகள் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டிலும், பழைய முசிறித் துறைமுகம் என்று கருதப்படும், கேரளத்தில் உள்ள பட்டணம் என்ற ஊரிலும் கிடைத்துள்ளன. யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149-ஆம் பாட்டு சொல்கிறது. அதே காலத்தில், இந்தியச் சரக்குக்காக ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் போய்விடுகிறதே என்று ரோமில் ஒருவர் எழுதிவைத்தார். அவர் மூத்த பிளினி. வெடிப்பின்போது மிசேனம் துறைமுகத்தின் கடற்படைத் தலைவர் அவர்தான். மக்களை மீட்கக் கப்பலில் போய், வெசூவியஸின் புகையிலேயே கரையில் விழுந்து இறந்தார்.

அந்தத் தந்த உருவத்தை எங்கே தேடுவது?

இடைத்தளத்தில் 'இரகசிய அறை' என்ற தனிப் பகுதியில் வைத்திருப்பார்கள். இடம் மாறியிருந்தால் காவலரிடம் 'ஸ்தாத்துவெத்தா இந்தியானா' என்று கேளுங்கள். அந்த அறையில் பாலுறவுச் சித்திரங்களும் சிலைகளும் நிறைய. நீண்ட காலம் பூட்டிவைத்து, 2000-இல்தான் எல்லாருக்கும் திறந்தார்கள். பெரியவர்களோடும் பிள்ளைகளோடும் போகிறவர்கள் முன்பே சொல்லிவிட்டு நுழையுங்கள். நான் அம்மாவிடம் சொன்னேன், அவர் நேராக அந்த உருவத்தைப் பார்த்துவிட்டு நேராக வெளியே வந்துவிட்டார்.

முட்டிவலி உள்ளவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் என்ன செய்வது?

பொம்பெய்யில் அரங்கத்து வாயிலிலிருந்து நகர மன்றம் வரை சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் போகக்கூடிய சமன் செய்த பாதை சுமார் 3.5 கி.மீ. நீளத்துக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த வழியாக நுழையுங்கள்.

அதுவும் கடினம் என்றால் பொம்பெய்க்குப் பதில், அதே வெடிப்பில் புதைந்த எர்கொலானோவைத் (ஹெர்குலேனியம்) தேர்ந்தெடுங்கள். அதே ரயில் தடத்தில் நேப்பிள்ஸுக்கு இன்னும் அருகில். சின்ன ஊர், இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஆழமாகப் புதைந்ததால் மாடி, மரக்கதவு, கட்டில்கூட கரியாகி நிலைத்திருக்கின்றன. கீழே இறங்க மட்டும் சரிவு உண்டு.

வெசூவியஸ் மலை உச்சியையும் சேர்த்துக்கொள்ளலாமா?

இந்த நாளில் வேண்டாம்.

வழிகாட்டி தேவையா?

பொம்பெய்யில் உதவும், அருங்காட்சியகத்தில் தேவையில்லை. உரிமம் பெற்ற வழிகாட்டி கழுத்தில் அட்டை மாட்டியிருப்பார். நிலைய வாசலில் 'வரிசையில்லாமல் கூட்டிப்போகிறேன்' என்று கூப்பிடுபவர்களிடம் அட்டையைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். நானும் அம்மாவும் வழிகாட்டி இல்லாமல்தான் போனோம். முந்தைய இரவு வரைபடத்தில் ஆறு எண்களைக் குறித்துக்கொண்டோம், அதுவே போதுமாக இருந்தது.

நினைவுக்கு ஒரு சின்னக் கல் எடுத்துவரலாமா?

கூடாது. சட்டப்படி குற்றம். எடுத்துப்போனவர்கள் பலர், வீட்டில் கெடுதல் நடக்கிறது என்று மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கெடுதல் வருமோ இல்லையோ, அந்தக் கல் எந்தச் சுவரில் இருந்தது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது. சுவரில் சாய்வது, ஓவியத்தைத் தொடுவது, ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பது எதுவும் வேண்டாம்.

மூடுகிற நேரம் நெருங்கிவிட்டது, ஒன்றே ஒன்று பார்க்கலாம் என்றால் எது?

ரொட்டி. அன்றாடப் பொருள்கள் உள்ள கண்ணாடிப் பெட்டிகளில் தேடுங்கள். வட்டமாக, கன்னங்கரேலென்று, எட்டுத் துண்டாகப் பிட்டுக்கொள்ள வசதியாக மேலே கோடு கிழித்தது. மாவு பிசைந்து, கோடு போட்டு, அடுப்பில் வைத்தவர் யாரோ. 81 ரொட்டிகள் ஒரே அடுப்பில் அப்படியே கரியாகிக் கிடைத்த கூடமும் பொம்பெய்யில் உண்டு. அம்மா கண்ணாடிக்கு மிக அருகே குனிந்து பார்த்தார். "காலையில பார்த்தோமே, அந்தத் திருகையில அரைச்ச மாவா இருக்குமா?" என்று கேட்டார். "அது தெரியாதும்மா, ஆனா அந்த மாதிரிக் கல்லுல அரைச்சதுதான்" என்றேன். காவலர் வந்து நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டும்வரை அங்கேயே நின்றிருந்தோம்.